ஹிண்டாவுக்குக் கொடுத்த நாள்

ப்ளூமா எதையும் அடித்துச் சொல்கிறவள் அல்ல. இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில், மலையிலிருந்து தெருக்கள் படிக்கட்டுகளாக இறங்கி வரும் ஹதார் பகுதியில் அவளுக்கு ஒரு பொத்தான் கடை இருந்தது. ஒரு ஆள் உள்ளே நுழைந்தால் அடுத்த ஆள் வாசலில் நிற்க வேண்டும், அவ்வளவு சின்னக் கடை. இந்தக் கோட்டுக்கு இந்தப் பொத்தான் பொருந்துமா என்று யாராவது கேட்டால், "பொருந்தலாம். வீட்டுல வெச்சுப் பாருங்க, சரிப்படலன்னா கொண்டாங்க" என்பாள். மழை வருமா என்றால், "வரலாம்" என்பாள். துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலை பார்த்த அவள் புருஷன் ஸெலிக் இதை வைத்தே அவளைக் கேலி செய்வான்.

"என்னைக் கட்டிக்கிறியான்னு இவள்ட்ட கேட்டேன். என்ன சொன்னா தெரியுமா? கட்டிக்கலாம்னா. இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் முடிவு தெரியல" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவளும் சிரித்துக்கொண்டே பொத்தானை எடுத்துப் போடுவாள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. யூதப் பஞ்சாங்கத்தில் தேபேத் மாதம் பத்தாம் தேதி அவளுடைய தங்கை ஹிண்டாவின் நாள். குளிர்காலத்தில் வரும் உபவாச நாள் அது. முதல் நாள் பொழுது சாயும்போது ஒரு கண்ணாடி டம்ளரில் மெழுகுதிரி ஏற்றி ஜன்னலோரம் வைப்பாள். அது மறுநாள் சாயங்காலம் வரை எரியும். செத்தவர்களுக்கான ஜெபத்தை ஆண்கள்தான் சொல்வது வழக்கம்; ஹிண்டாவுக்கு அண்ணன் தம்பி யாரும் மிஞ்சவில்லை. அதனால் ஸெலிக் ஜெப ஆலயத்துக்குப் போய் அவள் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு வருவான். வந்ததும் இரண்டு பேரும் விளக்கைப் போடாமல் அந்தத் திரி வெளிச்சத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

உண்மையில் ஹிண்டா என்றைக்குச் செத்தாள் என்பது ப்ளூமாவுக்குத் தெரியாது. நாஜிகளின் முகாமில் காலண்டர் ஏது? அக்காளும் தங்கையும் குண்டு செய்யும் தொழிற்சாலையில் வேலைக்கு விடப்பட்டிருந்தார்கள். போரின் கடைசிக் குளிர்காலம், அவ்வளவுதான் தெரியும். போர் முடிந்து, கப்பலேறி ஹைஃபாவுக்கு வந்து, படுக்க ஒரு இடம் கிடைத்ததும் அவள் முதலில் தேடிப் போனது யூத மதகுரு ரபி ஓஸரைத்தான். அவரும் அந்த மாதிரி ஒரு முகாமிலிருந்து தப்பி வந்தவர்தான்.

"நாள் தெரியாதவங்களுக்குன்னு பெரியவங்க ஒரு நாளைக் குறிச்சுக் கொடுத்திருக்காங்க, ப்ளூமா. தேபேத் பத்து. அன்னிக்கு ஏத்து" என்றார் அவர்.

"நாள் தெரியாதவங்க எல்லாருக்குமா, ரபி?"

"எல்லாருக்கும்."

"அத்தனை பேருக்கும் ஒரே நாளா?"

ரபி தாடியைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

முதல் வருடம் திரி ஏற்றும்போது, இது கொடுத்த நாள் என்பது அவளுக்கு நினைவிருந்தது. அடுத்த வருடமும் இருந்தது. அப்புறம் வருடா வருடம் அதே நாளில் வயிற்றைக் காயப்போட்டு, அதே ஜன்னலில் ஏற்றி ஏற்றி, "கொடுத்த" என்பது தேய்ந்து போய் "நாள்" மட்டும் நின்றது. தேபேத் மாதம் நெருங்கினாலே அவளுக்கு வேலையில் கவனம் நிற்காது. பொத்தானைத் தவற விடுவாள். "ஹிண்டா நாள் வருதில்ல" என்பான் ஸெலிக். அவனுக்கும் அது ஹிண்டா செத்த நாளாகவே ஆகிவிட்டது. அந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான். யாரைக் குற்றம் சொல்ல?

ஒருநாள் மத்தியானம் காவல்துறையிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். பொத்தான் வாங்க வந்தவள் என்று நினைத்து ப்ளூமா டப்பாவைத் திறந்தாள். வந்தவள் டப்பாவின் மூடியை மெதுவாக மூடிவிட்டு, அதன் மேல் சில ஆண்களின் பழைய படங்களை வரிசையாக வைத்தாள்.

"இவங்கள்ல யாரையாச்சும் தெரியுதா? அவசரமில்ல. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

ப்ளூமாவுக்கு நல்லாப் பார்க்கத் தேவைப்படவில்லை. ஒரு படத்தின் மேல் விரலை வைத்தாள். "கையுறை."

"என்னது?"

"முகாம் காவல்காரன், கையுறைன்னுதான் கூப்பிடுவோம். பேரு தெரியாது. அடிக்கிறப்பகூட தோல் கையுறையைக் கழட்டமாட்டான்."

அவன் பெயர் டிட்மார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் விதைக்கடை வைத்திருக்கிறான், அவன் மேல் வழக்கு நடக்கப்போகிறது, வந்து சாட்சி சொல்ல முடியுமா என்று கேட்டாள் அந்தப் பெண். எதற்கும் "லாம்" போடுகிற ப்ளூமா, "வர்றேன்" என்றாள். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று கேட்டு அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். எப்போது என்றதற்கு ப்ளூமா தேபேத் பத்து என்றாள். கண்ணை மூடித் திறக்கும் நேரம்கூட யோசிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் ஸெலிக் குதித்தான்.

"ஜெர்மனிக்கா? அங்கேருந்து நீ உசுரோட வந்தது போதாதா? மறுபடி டிக்கெட் எடுத்துப் போகணுமா?"

"போகணும்."

"போயி?"

"அங்க ஒரு நீதிபதி உட்கார்ந்து, ஹிண்டாங்கிற பொண்ணை இவன்தான் கொன்னான்னு வாய்விட்டுச் சொல்லணும், ஸெலிக். அவளுக்குக் கல்லறை இல்ல. பேரு வெட்டி வைக்க ஒரு கல்லு இல்ல. அந்தத் தீர்ப்புலயாவது அவ பேரு இருக்கட்டும்."

ஸெலிக் எழுந்து போய் அடுப்பில் முட்டை வேகவைத்தான். அவள் ஆசாரம் பார்க்கிறவள், அந்த ஊர்ச் சாப்பாட்டைத் தொடமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். ரொட்டியும் முட்டையும் துணியில் கட்டி அவள் பையில் வைத்து, "உப்பைத் தனியாக் கட்டிருக்கேன். அங்க யார்கிட்டயும் உப்புகூடக் கேக்காதே" என்றான்.

நீதிமன்றம் புதிதாகக் கட்டின கட்டடம். பெரிய பெரிய ஜன்னல். வெளிச்சம் அதிகமாக இருந்தது. அந்த மாதிரி இடத்தில் இத்தனை வெளிச்சத்தை ப்ளூமா எதிர்பார்க்கவில்லை. நீல நிறத்தில் ஒரு உடுப்பு உடுத்திப் போயிருந்தாள். அதற்குத் தன் கடையிலேயே நல்ல முத்துச் சிப்பிப் பொத்தான்களாகப் பார்த்துத் தைத்திருந்தாள். கல்யாணத்துக்குப் போகிறவளைப் போல ஏன் உடுத்தினோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் ஹிண்டாவுக்காக வந்திருக்கிறோம், அழுக்காக வர முடியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அவன் அங்கே உட்கார்ந்திருந்தான். முடி கொட்டிப் போயிருந்தது. கன்னம் தொங்கியிருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மேசை மேலிருந்த கைகளைத்தான் பார்த்தாள். அந்தக் கைகளை அவள் வெறுமையாகப் பார்த்ததே இல்லை. சின்னக் கைகள். வெளுத்திருந்தன. நகம் ஒழுங்காக வெட்டியிருந்தது. இந்தக் கையா என்று இருந்தது அவளுக்கு.

நீதிபதி தன்மையான மனிதர். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். நடந்ததைச் சொல்லச் சொன்னார். ப்ளூமா தன் சொந்த மொழியில் சொல்ல, பக்கத்தில் ஒருவர் அதை ஜெர்மனில் சொன்னார். மாட்டுக்குப் போடும் பீட்ரூட் ஏற்றி வந்த வண்டி. ஒரு கிழங்கு சக்கரத்தடியில் விழுந்தது. ஹிண்டா குனிந்து எடுத்தாள். அவன் கரி வாரும் மண்வாரியால் அடித்தான். ஹிண்டா விழுந்த பிறகும் அடித்தான். இவ்வளவையும் அவள் அழாமல் சொன்னாள். இன்னும் சொல்ல இருந்தது. தங்கையின் இடது செருப்பில் அடிப்பாகம் இல்லாதது, வரிசையை விட்டு நகரக்கூடாது என்பதால் சாயங்காலம் வரை பக்கத்தில் போக முடியாதது, போனபோது கிழங்கு இன்னும் அவள் கையில் இருந்தது. அதற்குள் டிட்மாரின் வக்கீல் எழுந்துவிட்டார்.

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அது என்னிக்கு நடந்தது?"

ப்ளூமாவுக்கு உள்ளே ஒரு நிம்மதிகூட வந்தது. அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயத்தையல்லவா கேட்கிறார்! நிமிர்ந்து நின்று, "தேபேத் பத்து" என்றாள்.

"நிச்சயமாவா?"

"நிச்சயமா. வருஷா வருஷம் அன்னிக்குத்தான் அவளுக்குத் திரி ஏத்தறேன்."

வக்கீல் அதை முன்பே கணக்குப் பார்த்து வைத்திருந்தார். அந்த வருடம் தேபேத் பத்து என்பது டிசம்பர் இருபத்தாறு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அந்த வாரம் முழுவதும் டிட்மார் விடுப்பில் தன் ஊருக்குப் போயிருந்தான். பாதிரியார் சாட்சி. அண்ணன் மகளின் ஞானஸ்நானத்தில் அவன் நிற்கும் படம் ஒன்றும் இருந்தது. படத்தை நீதிபதியிடம் கொடுத்துவிட்டு வக்கீல் உட்கார்ந்தார்.

அப்போதுதான் ப்ளூமாவுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. தூக்கத்தில் நடந்து கிணற்றோரம் வந்து விழித்தவளைப் போல நின்றாள்.

"ஐயா, அது... அது அவ செத்த நாள் இல்ல. ரபி கொடுத்த நாள். நாள் தெரியாதவங்களுக்கு எங்ககிட்ட ஒரு நாள் கொடுப்பாங்க. எனக்கு என்னிக்குன்னு தெரியாது. பனி இருந்தது. அவ்வளவுதான் தெரியும்."

வக்கீல் மறுபடி எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. இரக்கப்படுகிறவரைப் போலவே கேட்டார்.

"இப்பத்தான் நிச்சயம்னு சொன்னீங்க. அது வேற ஒருத்தர் கொடுத்ததுன்னு இப்பச் சொல்றீங்க. உங்களுக்கு வேற என்னென்னம்மா கொடுத்தாங்க? அந்த மண்வாரியா? இந்த மனுஷன் முகமா?"

மொழிபெயர்ப்பவர் அதைச் சொல்லத் தயங்கினார். ப்ளூமாவுக்கு அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. முகாமில் கற்ற ஜெர்மன் அவளுக்கு மறக்கவில்லை.

தீர்ப்பு சில மாதம் கழித்து வந்தது. வேறு ஏதோ குற்றத்துக்காக டிட்மாருக்குக் கொஞ்ச காலம் சிறை. ஹிண்டா விஷயத்தில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. தீர்ப்பில் அவள் பெயர்கூட இல்லை, "சாட்சியின் சகோதரி" என்றுதான் இருந்தது. ஸெலிக் அதை யாரிடமோ கொடுத்துப் படிக்கக் கேட்டு வந்து சொன்னான். ப்ளூமா கேட்டுக்கொண்டே, கலந்துபோன பொத்தான்களை வெள்ளை தனி, கறுப்பு தனி என்று பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்து முடித்ததும் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாகக் கொட்டினாள்.

"நாந்தான் அவனைக் காப்பாத்தி விட்டேன், ஸெலிக்."

"பைத்தியக்காரி. நீ எங்க காப்பாத்தின?"

"என் வாயாலதானே சொன்னேன்."

அந்தக் குளிர்காலத்தில் தேபேத் பத்து வந்தது. முதல் நாள் பொழுது சாய்வதற்குள், ஏற்றாத திரியையும் டம்ளரையும் பையில் போட்டுக்கொண்டு படிக்கட்டு ஏறி ரபி ஓஸர் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. அவருக்கு அப்போது கண் மங்க ஆரம்பித்திருந்தது.

"யாரு?"

"ப்ளூமா. பொத்தான் கடை. இந்த நாளைத் திருப்பிக் கொடுக்க வந்தேன், ரபி."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

"நீங்க கொடுத்த நாள்தான் அவனைக் காப்பாத்திச்சு. எனக்கு வேற நாள் கொடுங்க. இல்ல, நாளே வேணாம்னு சொல்லுங்க. கடவுளுக்குத் தெரியாதா அவ என்னிக்குச் செத்தான்னு?"

"அவருக்குத் தெரியும்" என்றார் ரபி. "அவரு எனக்கும் சொல்லலியே, ப்ளூமா."

அவர் மேசையைக் கையால் தடவித் தீப்பெட்டியைத் தேடினார். அப்போதுதான் ப்ளூமா பார்த்தாள். மேசை மேல் வரிசையாகக் கண்ணாடி டம்ளர்கள். ஒன்று பெரியது. மற்றவை சின்னவை. அவருக்குப் போருக்கு முன்னால் பெண்டாட்டியும் பிள்ளைகளும் இருந்தார்கள் என்று ஊருக்குத் தெரியும். பிள்ளைகள் எத்தனை என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"செத்த நாள்னு சொல்லி நான் உனக்கு அதைக் கொடுக்கல" என்றார் அவர். "நாள் தெரியலன்னா எல்லா நாளும் அவங்க நாள்தானே. தினம் ஏத்திட்டு உட்கார்ந்தா மனுஷன் எப்படிப் பொழைக்கிறது? அதுக்குத்தான் கொடுத்தேன். எனக்கும் அப்படி ஒருத்தர் கொடுத்தாரு."

அவர் கை தீக்குச்சியைப் பெட்டியில் உரசத் தடுமாறியது. ப்ளூமா வாங்கி உரசிக் கொடுத்தாள். பெரியதிலிருந்து சின்னது வரை அவர் ஏற்றி முடிக்கும் வரைக்கும் குச்சி குச்சியாக உரசிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் தன் பையிலிருந்த டம்ளரை எடுத்து அந்த வரிசையின் ஓரத்தில் வைத்து, அதையும் ஏற்றினாள்.

அடுத்த வாரம் லேயிபிஷ் என்ற தையல்காரர் நூல் வாங்க வந்தார். எப்போதும் வாய் ஓயாதவர். அன்றைக்குப் பெருமையும் பயமுமாக இருந்தார். அவரையும் வேறொரு வழக்கில் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நான் போயி ஒரு தட்டு தட்டிட்டு வர்றேன் பாரு. எனக்கு எல்லாம் மனப்பாடம். தேதி, மணி, எல்லாம்."

"தேதி எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"என்ன கேள்வி இது? என் தம்பி செத்த தேதி எனக்குத் தெரியாதா?"

"முகாம் கொட்டாயில காலண்டர் மாட்டி வெச்சிருந்தானா?"

"உனக்குத் திமிரு, ப்ளூமா."

"கையில கடிகாரம் இருந்துதா?"

"கடிகாரமா? எங்கிட்ட ஒரு ஸ்பூன்கூட இல்ல!"

"அப்ப மணி யாரு சொன்னா?"

லேயிபிஷ் கடைக்குள் இருந்த ஒரே ஸ்டூலில் உட்கார்ந்தார். "என் மச்சினன் சொன்னான். அவனும் அங்கே இல்ல" என்றார். "அப்ப நான் போயி என்ன சொல்றது? எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னா?"

"கண்டதைச் சொல்லுங்க. காணாததைக் கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க."

"தெரியாதுன்னா கேவலமா இருக்காதா? செத்தது கூடப் பொறந்தவன்!"

"எனக்கும் கேவலமாத்தான் இருந்தது. அதனாலதான் தெரியும்னேன்" என்றாள் ப்ளூமா.

லேயிபிஷ் போய்ச் சாட்சி சொன்னார். தேதி கேட்டபோது தெரியாது என்றார். நீதிபதி அதை எழுதிக்கொண்டு மேலே கேட்டார். குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. திரும்பி வந்த லேயிபிஷ் கடை வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி அழுதார். அதன் பிறகு அக்கோ, நெத்தானியா போன்ற ஊர்களிலிருந்து சாட்சி சொல்லப் போகிறவர்கள் பொத்தான் வாங்குவதைப் போல வந்து போனார்கள். வாசலில் நின்றுகொண்டு, "உள்ள போகாதீங்க, கோர்ட்டு நடக்குது" என்பான் ஸெலிக். சில வழக்கு ஜெயித்தது, பல வழக்கு தோற்றது. ஒவ்வொரு தீர்ப்பு வந்தபோதும் ப்ளூமா சந்தோஷப்படுவாள். அப்புறம் கடையின் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நிற்பாள். எந்தத் தீர்ப்பிலும் ஹிண்டா இல்லை. டிட்மார் வெளியே வந்து, விதைக்கடையை மகனிடம் விட்டு, தன் கட்டிலில் படுத்துச் செத்துப்போனான். இனி எந்த நீதிபதியும் அந்தப் பெயரைச் சொல்லப்போவதில்லை என்பது அன்றைக்கு முடிவாகிவிட்டது.

ஸெலிக்கும் ஒரு கோடைக்காலத்தில் போய்ச் சேர்ந்தான். அவனுக்கு நாள் தெரியும், கல்லறை இருந்தது, கல்லில் பேர் இருந்தது. ப்ளூமா அந்தக் கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அவள் கிழவியான காலத்தில் போஸ்னியாவில் சண்டை வந்தது. டெலிவிஷனில் கம்பி வேலிக்குப் பின்னால் சட்டையில்லாமல் ஆண்கள் நின்றார்கள். "அவங்க நம்ம ஆளுங்க இல்லையே, முஸ்லிம்கள்தானே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "அந்த விலா எலும்பை எனக்குத் தெரியும்" என்றாள் ப்ளூமா. டெலிவிஷனை அணைக்க விடவில்லை.

அந்தக் கொலைகளை விசாரிக்க ஹாலந்து நாட்டில் பல தேசத்து நீதிபதிகள் சேர்ந்து ஒரு நீதிமன்றம் வைத்தார்கள். சாட்சி சொல்ல வரும் பெண்களுக்குத் துணையாக உட்கார, அனுபவப்பட்ட பெண்கள் வேண்டும் என்று ஒரு அமைப்பு தேடியது. லேயிபிஷின் மகள் அங்கே வக்கீல். அவள் ப்ளூமாவைக் கேட்டாள். முழங்கால் வலியோடு ப்ளூமா விமானம் ஏறினாள். இந்த முறை முட்டையைத் தானே வேகவைத்து, உப்பைத் தனியாகக் கட்டிக்கொண்டாள்.

அங்கே அவளுக்குக் கொடுக்கப்பட்டவள் ஷெஃபிகா. நாற்பது தாண்டிய போஸ்னியக்காரி. ஒரே மகன் எனெஸைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோனவர்கள் திருப்பித் தரவில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்த ஒரே மொழி ஜெர்மன். ஷெஃபிகா அகதியாக ஜெர்மனியில் இருந்தபோது படித்தது. ப்ளூமா எங்கே படித்தாள் என்று அவள் கேட்கவில்லை, சட்டைக் கைக்கு வெளியே தெரிந்த, முகாமில் பச்சை குத்திய எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

வழக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் இரண்டு பேரும் காத்திருக்கும் அறையில் காபியை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஷெஃபிகா கோட்டில் ஒரு பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. ப்ளூமாவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்தாள்.

"கழட்டித் தரட்டுமா, ப்ளூமாம்மா?"

"வேணாம், குளிருது. போட்டுக்கிட்டே இரு. இந்தா, இதை வாயில போட்டு மெல்லு." ஒரு துண்டு நூலை நீட்டினாள்.

"நூலையா? எதுக்கு?"

"உடம்புல போட்டதைப் போட்டபடியே தைக்கிறது பொணத்துக்குத்தான். நீ மென்னுக்கிட்டு இருந்தா, உசுரோட இருக்கேன்னு தெரியும்."

ஷெஃபிகா நூலை வாயில் போட்டுக்கொண்டு, வந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். "எங்கம்மாவும் இதையேதான் செய்யச் சொல்லுவா. யாருக்குத் தெரியும்னு கேட்டா முதுகுல ஒண்ணு வைப்பா."

"நல்ல அம்மா. அசையாதே, குத்திரும்."

பொத்தானைத் தைத்துக்கொண்டே ப்ளூமா தன் கதையைச் சொன்னாள். தன் கதைக்குச் சட்டத்தில் தடையில்லை. ஹிண்டா, பீட்ரூட், மண்வாரி, ரபி கொடுத்த நாள், வக்கீலின் ஒரே கேள்வி. ஷெஃபிகா மெல்வதை நிறுத்திவிட்டாள். "மெல்லு" என்றாள் ப்ளூமா. தைத்து முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஷெஃபிகாவைக் கூப்பிட்டார்கள். பொதுமக்கள் உட்காருமிடம் ஒரு பெரிய கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டால் உள்ளே பேசுவது வேறு மொழியில் கேட்கும். ப்ளூமா மாட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தபோது, தன் உடுப்பிலிருந்த பொத்தானைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"உங்க மகன் எந்த நாள்ல இறந்தாரு?"

ஷெஃபிகாவின் தாடை அசைந்தது. நூலை மெல்வதைப் போலவே இருந்தது ப்ளூமாவுக்கு.

"தெரியாது."

"தெரியாதா? உங்க ஊர்ல எல்லாரும் சேர்ந்து துவா செய்யற தேதி ஒண்ணு இருக்கே?"

"இருக்கு. அது நாங்க அழறதுக்கு வெச்ச நாள். அவன் செத்த நாளை எனக்கு யாரும் சொல்லல. நான் கண்டதைச் சொல்றேன், கேளுங்க. சோளம் இடுப்பு உசரம் நின்னுது. பிளம்ஸ் பழுக்கல. எம் மகனைச் சட்டையைக் கழட்டச் சொன்னாங்க. மடிச்சு வைக்கட்டுமான்னு கேட்டான். நான் அப்படித்தான் வளர்த்தேன். வேண்டாம், இனித் தேவைப்படாதுன்னு சொன்னது, அதோ உட்கார்ந்திருக்கிற அந்த ஆளு."

வக்கீல் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். தேதி வரும் என்று காத்திருந்தவர் அவர். கொஞ்சம் பொறுத்து வேறு வழியில் வந்தார்.

"இப்படிப் பதில் சொல்லணும்னு உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரும் சொல்லிக் கொடுக்கல."

"யார்கிட்டயும் பேசலியா நீங்க?"

ஷெஃபிகா நீதிபதிகள் பக்கம் திரும்பினாள். "ஒரு அம்மா என் கோட்டுக்குப் பொத்தான் தைச்சாங்க. என் வழக்கைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அவங்க தங்கச்சி கதையைச் சொன்னாங்க. பழைய உலகப் போர்ல நாஜி முகாம்ல அவளை ஒரு காவல்காரன் மண்வாரியால அடிச்சுக் கொன்னுட்டான். ஒரு பீட்ரூட்டுக்காக. கொன்னது உண்மை. ஆனா என்னிக்குன்னு அவங்களுக்குத் தெரியாம போச்சு, அதனால அவனை விட்டுட்டாங்க. அவ பேரு ஹிண்டா."

நடுவில் உட்கார்ந்திருந்த நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வக்கீல் ஏதோ ஆட்சேபம் சொல்ல எழுந்தார். நீதிபதி அவரைக் கையமர்த்திவிட்டு, "பதிவுக்காக அந்தப் பெயரை மறுபடி ஒருமுறை சொல்லுங்கள்" என்றார்.

"ஹிண்டா" என்றாள் ஷெஃபிகா, தட்டச்சு செய்கிறவருக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்தி. நீதிபதியும் அதைத் திருப்பிச் சொன்னார், சரிதானா என்று கேட்பதற்காக. "ஹிண்டா."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ப்ளூமா எழுந்து நின்றாள். முழங்கால் வலித்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஸெலிக் இருந்தவரை வருடா வருடம் ஹிண்டாவுக்காகச் சொன்ன ஜெபத்தைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். காதில் மாட்டியிருந்த கருவி கழன்று தோளில் தொங்கியது. வாசலில் நின்ற காவலர் பக்கத்தில் வந்தார். அங்கே பார்க்க வந்தவர்கள் நிற்கக்கூடாது.

"உட்காருங்கம்மா" என்றார் மெதுவாக.

"உட்காரலாம்" என்றாள் ப்ளூமா. உட்காரவில்லை.